வெற்றி வேண்டாத ஆட்டக்காரர்: பாத்திரமும் கதையும் குறித்த அரை நூற்றாண்டு விவாதம்

வெல்லும் எண்ணமே இல்லாமல் ஒருவர் ஆட்டத்தில் உட்கார முடியுமா? உட்கார்ந்தால், அவர் ஆடுவது ஆட்டம்தானா? சதுரங்கத்திலோ சீட்டிலோ இந்தக் கேள்வி எழுவதில்லை. தோற்றாலும் பரவாயில்லை என்று காய் நகர்த்துபவருடன் ஆட யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்த நாள் முதல், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஒரு வகை ஆட்டத்தில் இந்தக் கேள்வி ஓயாமல் கேட்கப்பட்டு வருகிறது.

ரோல்-பிளேயிங் ஆட்டம் என்று பெயர்பெற்ற இதன் முறை எளிது. நான்கைந்து பேர் கூடுகிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். கதை நடக்கும் உலகத்தையும் அதில் எதிர்ப்படும் ஆட்களையும் அவர் பார்த்துக்கொள்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன பேசுகிறது, என்ன செய்கிறது என்று வாயால் சொல்கிறார்கள். செய்தது பலிக்குமா என்று ஐயம் வரும் இடத்தில் பகடை உருளும். முடிவுக் கோடு கிடையாது. ஒரே ஆட்டம் ஆண்டுக்கணக்கில் போகலாம். இப்படி ஒரு மேசையில், திருடன் பாத்திரத்தை ஏற்றவர் தப்பிக்க வழி திறந்திருந்தும் தம்பியைத் தேடி எரியும் வீட்டுக்குள் திரும்பி ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பாத்திரம் பிழைக்காது என்று அவருக்கே தெரியும். பக்கத்தில் இருப்பவர் அதை முட்டாள்தனம் என்கிறார். எதிரில் இருப்பவர் அன்றைய ஆட்டத்திலேயே சிறந்த தருணம் அதுதான் என்கிறார்.

இந்த இருவரில் யார் பக்கம் நியாயம் என்பதற்குத் தரப்பட்ட பதில்கள் பல. பாத்திரத்தை நாடுபவரையும் கதையை நாடுபவரையும் ஒரே கட்சியாகக் கட்டி, வெற்றியை நாடுபவருக்கு எதிரே நிறுத்துவதே அவற்றில் பெரும்பாலானவற்றின் அடிப்படை. அந்த அடிப்படை தாங்காது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு.

போர் ஆட்டத்தின் மடியில்

இந்த ஆட்டத்தின் மூதாதையர் போர்ப் பயிற்சி ஆட்டங்கள். பிரஷ்ய ராணுவ அதிகாரிகளைப் பழக்குவதற்காக ரைஸ்விட்ஸ் தந்தையும் மகனும் உருவாக்கிய ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ ஆட்டத்துக்கு 1824இல் மகன் விதிகள் வெளியிட்டார். இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்தார். எதிரியைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பது அவர் கையில். 1876இல் வெர்டி து வெர்னுவா, தடித்த விதிநூலைவிட அனுபவசாலியான நடுவரின் தீர்ப்பே மேல் என்று வாதிட்டார். இன்றைய கேம் மாஸ்டரின் வம்சாவளி அந்த நடுவரிடம் தொடங்குகிறது.

திருப்பம் 1969இல் மினசோட்டாவில் நேர்ந்தது. டேவிட் வெஸ்லி என்பவர், நெப்போலியன் காலத்தில் பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஒரு போர் ஆட்டம் அமைத்தார். படைத்தளபதிகளோடு நிறுத்தாமல், ஊர் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வேடமும் ஒரு தனி நோக்கமும் கொடுத்தார். படைகள் முறையாக மோதுவதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் தனித்தனியாக இரகசியம் பேசவும் பேரம் நடத்தவும் கிளம்பிவிட்டார்கள். ஆட்டம் கைமீறிக் குழம்பிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொன்று வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் ஆடிய டேவ் ஆர்னசன் பிறகு ‘பிளாக்மூர்’ என்ற தம் கற்பனை நாட்டை நடத்தி, கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை உருவாக்கினார்.

அந்த 1974 பெட்டியின் அட்டை, தன்னைப் போர் ஆட்ட விதிகள் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டது. பாத்திரம் வளர அனுபவப் புள்ளி வேண்டும். புள்ளி கிடைப்பது அரக்கர்களை வீழ்த்தினால், புதையலைத் தூக்கி வந்தால். தம்பிக்காக எரியும் வீட்டில் நுழைபவருக்கு அந்த விதிகளில் ஒரு புள்ளிகூட இல்லை. 1975இல் ஒரிஜின்ஸ் மாநாட்டில் கைகாக்ஸ் நடத்திய ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ போட்டி ஆட்டமாகவே நடந்தது. 1979இல் வெளிவந்த கேம் மாஸ்டர்களுக்கான கையேட்டில், உலகத்தை உள்ளபடி பாவிக்க நினைப்பவர்கள் ஒரு சாரார், ஆட்டத்தை ஆட்டமாகவே கொள்பவர்கள் மற்றொரு சாரார் என்று அவர் பிரித்து, தம் ஆட்டம் இரண்டாம் சாராருடையது என்று தெளிவாகச் சொன்னார். அந்தப் பிரிவினையில் கதைக்கு இடமே இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

இதை வைத்து, முதலில் எல்லோரும் வெற்றிக்காக ஆடினார்கள், கதை மோகம் பின்னால் வந்தது என்று ஒரு வரலாறு சொல்லப்படுவதுண்டு. ஜான் பீட்டர்சன் 2020இல் எழுதிய ‘தி இல்யூசிவ் ஷிஃப்ட்’ அதைக் கேள்விக்குள்ளாக்கியது. லீ கோல்ட் 1975இல் தொடங்கிய ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ போன்ற ரசிகர் இதழ்களை அவர் அலசிக் காட்டியபோது, இன்று பேசப்படும் நிலைப்பாடுகளில் பெரும்பாலானவை 1970களிலேயே முளைவிட்டிருந்தது தெரியவந்தது. ஒரே விதிநூலை வாங்கியவர்கள் தொடக்கத்திலிருந்தே வெவ்வேறு ஆட்டங்களை ஆடியிருக்கிறார்கள்.

வகை பிரித்தவர்கள்

முதல் வகைப் பதில் ஆட்களைப் பிரித்தது. கிளென் பிளாக்கோ 1980இல் ‘டிஃபரண்ட் வேர்ல்ட்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, போர் உத்தி, பலம் சேர்த்தல், பாத்திரமேற்பு, கதைசொல்லல் என நான்கு நாட்டங்களைச் சொன்னது. பாத்திரமேற்பையும் கதைசொல்லலையும் அவர் அப்போதே தனித்தனி வகைகளாக வைத்தார். பின்னால் வந்த பலர் அந்தக் கோட்டை அழித்துவிட்டது விவாதத்துக்கு நேர்ந்த இழப்பு. ராபின் லாஸ் 2002இல் எழுதிய கையேடு இந்தப் பட்டியலை இன்னும் நீட்டியது.

சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் 1983இல் வெளியிட்ட ‘ஷேர்டு ஃபேன்டஸி’ வேறு வழியில் சென்றது. மேசையில் உட்கார்ந்திருப்பவர் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் இருக்கிறார் என்றார் ஃபைன்: வீடு வாசல் உள்ள மனிதர், விதியறிந்த ஆட்டக்காரர், கற்பனை உலகத்துப் பாத்திரம். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு நொடிப்பொழுதில் தாவுகிறார்கள். அப்படியானால் ‘இவர் கதைக்காரர், அவர் வெற்றிக்காரர்’ என்று ஆளுக்கு முத்திரை குத்துவது சரிவராது. கணத்துக்குக் கணம் நிலை மாறுகிறது. ஃபைனின் களம் மினசோட்டாவைச் சேர்ந்த, பெரும்பாலும் இளைஞர்களான ஆண்களின் வட்டம் என்ற வரம்பு அந்த நூலுக்கு உண்டு. ஆயினும் மூன்று தளங்கள் என்ற அவருடைய கருத்து இன்றும் பயன்படுகிறது.

விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1999இல் நடத்திய சந்தை ஆய்வும் ஆட்டக்காரர்களை நான்கு கொத்துகளாகப் பிரித்தது. பாத்திரத்தை நடிப்பவர் ஒரு கொத்தில், கதை சொல்பவர் வேறொரு கொத்தில். ஆனால் அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது 12 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களை மட்டுமே. 1975இல் இருபது வயதில் ஆடத் தொடங்கியவர் 1999இல் நாற்பதைத் தாண்டியிருப்பார். ஆக, இந்த ஆட்டத்தை உருவாக்கி வளர்த்த முதல் தலைமுறையின் குரல் அதில் இல்லை.

வகைப்பாடுகளுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அவை தரவரிசையாக மாறிவிடுகின்றன. கதைக்காக ஆடுபவர் முதிர்ந்தவர், புள்ளிக்காக ஆடுபவர் சிறுபிள்ளை என்ற தொனி பல எழுத்துகளில் கேட்கிறது. விதிகளை நன்கு கற்றுப் பலமான பாத்திரத்தை உருவாக்குபவரால் அதை உணர்ந்து ஏற்க முடியாது என்ற எண்ணத்தை ஆட்டக்காரர்களே ‘ஸ்டார்ம்விண்ட் தவறு’ என்று பெயரிட்டு மறுத்திருக்கிறார்கள். மறுப்பில் நியாயம் உண்டு. இரண்டு திறமைகளும் ஒருவரிடமே இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

கதை யாருடையது

1980களில் கதை விதிநூல்களுக்குள்ளேயே நுழைந்தது. ‘கால் ஆஃப் கதுல்ஹு’ (1981) ஆட்டத்தில் பாத்திரத்தின் மனத்தெளிவுக்கு ஒரு எண் உண்டு. விசாரணை ஆழமாகப் போகப் போக அது கரையும். உண்மையைக் கண்டறிவதும் நிலைகுலைவதும் ஒன்றாக வருவதால், நன்றாக ஆடுவது என்றால் பிழைத்திருப்பது என்ற பழைய கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை. 1984இல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ தொடர் வேறு பாதையில் போனது. பெரிய காவியம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. ஆட்டக்காரர்கள் அதனூடே நடந்தார்கள். கதை இருக்கிறது, ஆனால் தேர்வு இல்லை என்று குறை எழுந்தது. தண்டவாளத்தில் ஓட்டுவது என்று இதற்கு ஆட்டக்காரர்களிடையே பெயர். 1991இல் ‘வேம்பயர்: தி மாஸ்கரேட்’ தன் விதித்தொகுதிக்கே கதைசொல்லி என்று பெயர் வைத்தது. ஆனால் அதன் விதிகள் சண்டைக்கும் அமானுஷ்ய ஆற்றல்களுக்கும் தந்த இடம் பெரிது; கதையைக் காக்கும் பொறுப்பு கேம் மாஸ்டரின் தலையில் விழுந்தது.

1997 வாக்கில் இணைய விவாதங்களில் உருவான மும்மை மாதிரி, ஒரு முடிவை எதற்காக எடுக்கிறோம் என்று கேட்டது: நாடகத்துக்காகவா, உலகத்தின் நம்பகத்துக்காகவா, சவாலின் நியாயத்துக்காகவா? மேரி கூனர் முன்வைத்து, ஜான் கிம் தொகுத்த அந்த மாதிரி ஆட்களை விட்டு முடிவுகளைப் பார்த்தது. அது முன்னேற்றம்.

ரான் எட்வர்ட்ஸ் இதை எடுத்து வேறு வடிவம் தந்தார். 2001இல் விரிவாக எழுதிய கொள்கையில் ஆட்ட நோக்கங்கள் மூன்று என்றார்: போட்டி, பாவனை, கதையாக்கம். மூன்றையும் ஒரே மேசையில் கலந்தால் குழப்பமே மிஞ்சும். விதிகள் எதை வளர்க்கின்றனவோ அதுவே மேசையில் நடக்கும் என்பது அவர் வாதம். நாடக ஆசிரியர்களுக்குப் பாடம் எழுதிய லாயோஷ் எக்ரியிடமிருந்து ஒரு கருத்தை அவர் கடன் வாங்கினார். கதை என்பது நடந்தவற்றின் கோவையாக மட்டும் இருந்தால் போதாது. மனிதர்களை அலைக்கழிக்கும் ஒரு கேள்விக்கு ஆட்டக்காரர்களே, ஆடும் கணத்திலேயே, விடை தேட வேண்டும். இந்த அளவுகோலை வைத்ததும், கேம் மாஸ்டர் முன்பே எழுதிவைத்த கதையில் உருகி உருகி ஆடியவர்கள் கதையாக்கத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். தங்களைக் கதைக்காரர்கள் என்று நம்பியிருந்த பலருக்கு அது வலித்தது.

இந்தக் கொள்கையின் உண்மையான சாதனை அது பெற்றெடுத்த ஆட்டங்கள். பால் செகியின் ‘மை லைஃப் வித் மாஸ்டர்’ (2003) ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் ஒரு கொடூர எஜமானின் அடியாட்கள். ஊரின் மீது கவிந்த அச்சத்துக்கு ஓர் எண் உண்டு. ஒவ்வோர் அடியாளுக்கும் சுயவெறுப்புக்கு ஓர் எண், சோர்வுக்கு ஓர் எண், ஊராரிடம் தேடிக்கொண்ட அன்புக்கு ஓர் எண். அன்பைத் தேடிப் போனால் அவமானம் காத்திருக்கும். எஜமான் ஏவியதைச் செய்தால் ஊரார் பாதிக்கப்படுவார்கள். ஓர் அடியாளின் அன்பு, ஊரின் அச்சத்தையும் அவனுடைய சோர்வையும் கூட்டி வருவதைவிட அதிகமான நிலையில் அவன் எஜமானின் ஆணையை மீறினால், ஆட்டம் முடிவை நோக்கித் திரும்பும். கடைசியில் ஒவ்வோர் அடியாளின் கதி என்ன என்பதையும் அந்த எண்களே சொல்கின்றன. இங்கே வெற்றி என்று எதைச் சொல்வது? விதிகள் துல்லியமானவை, கணக்குச் சுத்தமானது, ஆனால் கணக்கிடப்படுவது மனநிலை. கதையை நாடுபவர்களுக்கு விதிகள் தேவையில்லை என்ற பழைய எண்ணத்துக்கு இதைவிட வலுவான மறுப்பை நான் அறியேன்.

கொள்கையின் பலவீனங்களும் பெரியவை. பாவனை என்ற பெட்டியில், மற்ற இரண்டிலும் பொருந்தாத எல்லாம் கொட்டப்பட்டன. மூன்றையும் கலந்து ஆடி நிறைவடைந்த மேசைகள் ஏராளமாக இருந்தும் கலப்பு கெடுதல் என்ற முடிவு மாறவில்லை. கதைசொல்லி வகை ஆட்டங்கள் ஆட்டக்காரர்களின் கதையறிவையே சிதைத்துவிட்டன என்று 2006இல் எட்வர்ட்ஸ் கடுமையாக எழுதியது, அவரை ஆதரித்தவர்களையும் விலகச் செய்தது. அதன் பிறகு ஆட்டங்கள் தொடர்ந்தன. ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ (2010) வழியே இந்தக் கொள்கையின் தாக்கம் பரவலாயிற்று. கொள்கையைப் பேசுபவர்கள் குறைந்தார்கள்.

பாத்திரத்துக்குள் இருப்பது

இதற்கிடையே பின்லாந்திலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் வேறொரு விடை வளர்ந்தது. 1997இல் நார்வேயில் தொடங்கிய க்னூட்டபுங்க்ட் மாநாடுகள் அதன் களம். மைக் போஹ்யோலா முன்வைத்த துர்க்கு அறிக்கை, பாத்திரத்துக்குள் மூழ்குவதே ஆட்டத்தின் உயிர் என்றது. வெற்றியை மட்டுமல்ல, கதையையும் அது பின்னுக்குத் தள்ளியது. பாத்திரமாக இருப்பவருக்குத் தாம் ஒரு கதையில் இருப்பது தெரியாது. ‘இந்தக் காட்சி எப்படி முடிந்தால் நன்றாக இருக்கும்’ என்று யோசித்த கணமே அவர் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறார்.

எரியும் வீட்டுக்குள் ஓடியவரிடம் திரும்புவோம். அவர் ஓடியதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். உள்ளே தம்பி இருக்கிறான் என்பது ஒன்று. இந்தத் திருடனின் கதை இங்கே முடிந்தால்தான் பொருள் பெறும் என்பது மற்றொன்று. மேசைக்கு இப்பால் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே நகர்வு. ஆனால் முதலாமவர் நடிகரின் நிலையில் நிற்கிறார், இரண்டாமவர் ஆசிரியரின் நிலையில். இந்த இருவரும் வெற்றிக்காரரோடு முரண்படுவதைவிட ஒருவரோடொருவர் ஆழமாக முரண்படுகிறார்கள் என்பதை வகைப்பாட்டாளர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை. ‘ஃபேட்’ ஆட்டத்தில், தம் பாத்திரத்தின் குறையால் வரும் சிக்கலை ஏற்றுக்கொள்பவருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். ஆசிரியர் நிலையில் இருப்பவருக்கு அது அருமையான ஏற்பாடு. நடிகர் நிலையில் இருப்பவருக்கோ உறுத்தல்: அந்தப் புள்ளி இருப்பது என் பாத்திரத்துக்குத் தெரியாதே!

கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பென்டிராகன்’ (1985) இந்தப் பூசலின் நடுவில் நிற்கிறது. ஆர்தர் மன்னன் காலத்து வீரர்களுக்கு அதில் கற்பும் காமமும், கருணையும் கொடுமையும் என்று 13 இணைக் குணங்கள். ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20. வீரன் கருணை காட்ட வேண்டும் என்று ஆட்டக்காரர் விரும்பலாம். ஆனால் வருடக்கணக்கான போர்களில் கொடுமை 16க்கு ஏறியிருந்தால், முடிவைப் பகடையிடம் விட வேண்டி வரலாம். தன் குணத்தை வெல்ல முடியாத மனிதனை உள்ளிருந்து உணரும் வாய்ப்பு என்று சிலர் அதைக் கொண்டாடுகிறார்கள். பாத்திரத்தின் மனத்தைத் தங்களிடமிருந்து பறிப்பது என்று வேறு சிலர் வெறுக்கிறார்கள். இரு சாராரும் பாத்திரத்தை நேசிப்பவர்களே.

மூழ்குதல் கொள்கையின் பலவீனம் அதைச் சரிபார்க்க முடியாமை. ஒருவர் எவ்வளவு மூழ்கியிருந்தார் என்பதற்கு அவர் சொல்லே சாட்சி. தவிர, ‘என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்’ என்று சொல்லி மற்றவர்களின் ஆட்டத்தைக் கெடுப்பவருக்கும் இந்தக் கொள்கை கேடயமாகிவிடுகிறது. எமிலி கேர் பாஸ் 2007இல் பேசத் தொடங்கிய ‘பிளீட்’ என்ற கருத்து, பாத்திரத்தின் உணர்வு ஆட்டக்காரருக்குள்ளும் அவருடையது பாத்திரத்துக்குள்ளும் கசிவதைப் பற்றியது. 1980களில் அமெரிக்காவில், இந்த ஆட்டம் இளைஞர்களைப் பைத்தியமாக்குகிறது என்று ஆதாரமில்லாமல் எழுந்த பீதியின் நினைவால், இப்படிப்பட்ட பேச்சையே ஆட்டக்காரர்கள் நெடுநாள் தவிர்த்திருக்கக்கூடும்.

ஆட்டம் என்றால் என்ன என்று கேட்டவர்கள்

ரோஜே கைய்வா 1958இல் ஆட்டங்களைப் போட்டி, அதிர்ஷ்டம், பாவனை, கிறுகிறுப்பு என்று பிரித்தபோது இரண்டு முடிவுகளைச் சொன்னார். ஓர் ஆட்டம் விதிகளால் ஆவது அல்லது பாவனையால் ஆவது, இரண்டாலும் அல்ல. பாவனையும் அதிர்ஷ்டமும் ஒருபோதும் சேராது. பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதி, பாவனை, பகடை மூன்றையும் ஒரே மேசையில் வைத்தது. கைய்வா தவறினார் என்று மட்டும் இதைக் கொள்ள வேண்டியதில்லை. அவர் கண்ட உரசல் உண்மையானது. அரை நூற்றாண்டாக நடப்பது அந்த உரசலின் விவாதம்தான்.

பெர்னார்ட் சூட்ஸ் 1978இல், அடைந்தவுடன் ஆட்டம் முடிந்துபோகும் இலக்கு இல்லாத திறந்த ஆட்டங்களும் உண்டு என்றார். அங்கே ஒவ்வொரு நகர்வும் ஆட்டம் தொடர்வதற்கு உதவுகிறது. நம் திருடனுக்கு இது பொருந்துகிறதா? பாத்திரத்தைச் சாகவிட்டவர் ஆட்டத்தை முடிக்கவில்லை. மற்றவர்களுக்கு அதைச் செழிப்பாக்கினார். சி. தி நுயென் 2020இல், வெற்றிக்காக ஆடுபவர்களிலும் பலர் விரும்புவது போராட்டத்தையே, வெற்றியைத் தற்காலிக இலக்காக மட்டும் ஏற்கிறார்கள் என்றார். வெற்றிக்காரரைப் புரிந்துகொள்ள இது பெரிதும் உதவுகிறது. தற்காலிகமாகக்கூட வெற்றியை ஏற்காதவரைப் பற்றி அது அதிகம் சொல்வதில்லை.

எதிர்த்திசையிலிருந்து வந்த குரல் ஒன்றும் உண்டு. மாட் ஃபின்ச் 2008இல் எழுதிய சிறு கையேட்டைத் தொட்டு வளர்ந்த பழைய பாணி மறுமலர்ச்சி, திறமையாக ஆடிப் பிழைத்தவர்கள் பின்னால் சொல்வதே கதை, ஆடும்போது கதையைத் தேடாதீர்கள் என்கிறது. கதை விளையும் என்பது சரி. எப்படிப்பட்ட கதை விளையும் என்பதைப் புதையலுக்குத் தரும் புள்ளிகள் முன்பே வளைத்துவிடுகின்றன என்பதை இந்தத் தரப்பு குறைத்தே மதிப்பிடுகிறது.

இன்னும் தீராதவை

ஆட்களை வகை பிரிப்பதைவிட, ஒரு கணத்தில் எந்த நிலையிலிருந்து முடிவெடுக்கப்படுகிறது, விதிகள் எதற்குப் பரிசளிக்கின்றன என்று பார்ப்பது கூடுதல் விளக்கம் தருகிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். விதிகள் எவ்வளவு தூரம் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அப்படிச் சொல்லக்கூடியதல்ல. எட்வர்ட்ஸ் நம்பிய அளவுக்கு இருக்க முடியாது. 1974இன் தங்க வேட்டை விதிகளை வைத்துக்கொண்டே பாத்திரத்துக்காக உயிர்விட்டவர்கள் இருந்தார்கள்.

பார்வையாளர் என்ற புதிய காரணி சேர்ந்திருக்கிறது. 2015இல் தொடங்கிய ‘கிரிட்டிக்கல் ரோல்’ தொடரில் தேர்ந்த குரல் நடிகர்கள் ஆடுவதைப் பெருங்கூட்டம் பார்க்கிறது. அதைப் பார்த்து ஆட வருபவர்கள் அதே தரத்தை வீட்டு மேசையிலும் எதிர்பார்க்கிறார்கள் என்ற கவலை கேம் மாஸ்டர்களிடம் உண்டு. பாத்திரமாக இருப்பதற்கும் பாத்திரத்தைக் காட்டுவதற்கும் உள்ள இடைவெளியை இது எப்படி மாற்றுகிறது என்று ஆராய இப்போதுதான் வாய்ப்பு அமைந்திருக்கிறது.

இதுவரை பார்த்த கொள்கைகள் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் தாண்டிப் பெரும்பாலும் போகவில்லை. ஜப்பானில் ஆட்ட அமர்வின் பேச்சை அப்படியே அச்சிட்டு வாசிக்கும் ‘ரீப்ளே’ மரபு 1980களிலிருந்தே இருக்கிறது. 1986இல் ‘கம்ப்டிக்’ இதழில் அப்படி வெளிவந்த ஆட்டப் பதிவிலிருந்துதான் ‘ரெகார்ட் ஆஃப் லோடாஸ் வார்’ நாவல்கள் பிறந்தன. ‘கால் ஆஃப் கதுல்ஹு’வுக்கும் அங்கே பெரும் ஆதரவு. ஆடும்போதே தம் பேச்சு வாசிக்கப்படும் பிரதியாகலாம் என்று அறிந்த ஆட்டக்காரர், பாத்திரத்துக்குள் நிற்கிறாரா, ஆசிரியராக நிற்கிறாரா, அல்லது நாம் இன்னும் பெயரிடாத மூன்றாவது நிலை ஒன்று உண்டா? மேலே பார்த்த எந்தக் கொள்கையும் இதை முன்வைத்து எழுதப்படவில்லை.